‘த வால்’ இரட்டை எல்பி, 2016 மறுபதிப்பு: சாட்ஸ்வொர்த்தில் கேட்டு வளர்ந்தவனின் மதிப்புரை

ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘த வால்’ 1979 நவம்பர் 30ஆம் தேதி வெளிவந்தது. இரண்டு எல்பி இசைத்தட்டு, நாலு பக்கம், 26 தலைப்பு, சுமார் 81 நிமிடம். 2016இல் குழுவின் சொந்த நிறுவனம் அதை 180 கிராம் கனமான தட்டில் மறுபடி கொண்டுவந்தது. மூல அனலாக் டேப்பிலிருந்து ஒலியைச் செப்பனிட்டவர்கள் ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளாண்ட், பெர்னி கிரண்ட்மன். இவர்களில் கத்ரி 1979இல் பதிவு நடந்தபோதே ஒலிப்பொறியாளராகவும் இணைத் தயாரிப்பாளராகவும் உடனிருந்தவர். எந்தச் சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்கவேண்டும் என்று தெரிந்த கை என்பது தட்டைப் போட்டதுமே புரிகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்கு இது ஆயிரம் ராண்டை ஒட்டிய விலையில் கிடைத்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் கொடுத்த பணத்துக்கு வருத்தமில்லை. ஏன் என்று சொல்ல, இந்த ஆல்பத்தை இத்தனை வருடம் நான் எப்படிக் கேட்டுவந்தேன் என்பதையும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சாட்ஸ்வொர்த் டர்பனில் 1960களில் கட்டப்பட்ட இடம். நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட இந்தியக் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்களும் அங்கேதான் வந்து சேர்ந்தன. எங்கள் குடும்பம் அப்படி வந்ததுதான். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் குழம்பு தாளிப்பது இந்தப் பக்கம் கேட்கும். ‘த வால்’ ஆல்பத்தை நான் முதலில் கேட்டது அந்தச் சுவர் வழியாகத்தான். 1980 தொடக்கம், எனக்குப் பதினாறு வயது, ஸ்டாண்டர்ட் எட்டு, அதாவது பத்தாவது வருடப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திடீரென்று ஹெலிகாப்டர் சத்தம். கொல்லைப்புறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆயா (என் பாட்டி) நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு ஆள் கத்தும் குரல், அதைத் தொடர்ந்து டிரம், பிறகு பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது.

அடுத்த வீட்டு அண்ணன் துணி ஆலையில் வேலை செய்தவர். சம்பளத்தில் பாதி இசைத்தட்டுக்குப் போகும். டப்ளினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவருடைய சித்தப்பா மகன் விடுமுறைக்கு வரும்போது இந்தத் தட்டைக் கொண்டுவந்திருந்தார். நான் வேலி ஓரம் நின்று எட்டிப் பார்த்ததும், “உள்ளே வாடா, முதலிலிருந்து போடுறேன்” என்றார் அண்ணன். அவருடைய அம்மா, நாங்கள் எல்லோரும் ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவோம், “செருப்பைக் கழட்டிட்டு வா தம்பி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அட்டையைக் கையில் கொடுத்தார். வெள்ளைச் செங்கல் சுவர், அவ்வளவுதான். குழுவின் பேர்கூட அட்டையில் அச்சாகவில்லை. விரித்தால் உள்ளே ஜெரால்ட் ஸ்கார்ஃப் வரைந்த கோரமான உருவங்கள்: நூலில் ஆடும் வாத்தியார், பெருத்த தாய். அதுவரை எங்கள் வீட்டில் நான் பார்த்த தட்டு அட்டைகளில் சீர்காழி கோவிந்தராஜன் நெற்றி நிறையத் திருநீறோடு சிரித்துக்கொண்டிருப்பார். இப்படி ஒரு அட்டையை நான் கண்டதே இல்லை.

அண்ணன் முள்ளை வைத்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. “கிட்ட வா” என்றார். மிக மெல்லிய ஒரு மெட்டு, எங்கோ தெருக்கோடியில் யாரோ வாசிப்பது மாதிரி. ஒரு குரல் ஏதோ வாக்கியத்தின் பின்பாதியைச் சொன்னது. அடுத்த நொடி கிட்டாரும் டிரம்மும் ஒரே அடியாக விழுந்தன. நான் பின்னால் சாய்ந்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பாட்டு என்றால் மூன்று நிமிடம், முடிந்ததும் அடுத்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது நிற்கவே இல்லை. ஒன்று முடியும் இடத்தில் குழந்தை அழுதது, ஹெலிகாப்டர் வந்தது, தொலைபேசி அடித்தது. ஒவ்வொரு சத்தமும் அடுத்த பாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அப்பா போரில் செத்த ஒரு பையன், பிரம்பும் கேலியுமான பள்ளி, எதற்கும் விடாத அம்மா என்று கதை போய்க்கொண்டே இருந்தது. இந்தக் கதையை எழுதிய குழுவின் பாடகர் ரோஜர் வாட்டர்ஸின் அப்பா 1944இல் இத்தாலியின் அன்சியோவில் கொல்லப்பட்டார், அப்போது வாட்டர்ஸ் சில மாதக் குழந்தை என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான். இந்தப் பாட்டுக்காரர் பொய் சொல்லவில்லை.

இரண்டாம் பக்கம் முடியும் இடம் எப்படி என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஒற்றைக் குரல், அடியில் பேஸ் கிட்டார், விடைபெறும் ஒரு சொல், அதோடு டக்கென்று நின்றுவிடும். முடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். “உட்காருடா, இன்னும் ஒரு தட்டு இருக்கு” என்றார் அண்ணன். அந்த இரண்டாவது தட்டில்தான் ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’. குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் இரண்டாவது கிட்டார் தனி ஆவர்த்தனம் வந்தபோது, ஆண்ட்டி அடுப்படியிலிருந்து வந்து கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்று கேட்டார். ராக் என்றால் என்னவென்றே தெரியாத பெண்மணி அவர்.

அப்புறம் ஒரு டிடிகே தொண்ணூறு நிமிட கேசட் வாங்கிக் கொடுத்தேன், அண்ணன் பதிவு செய்து தந்தார். கணக்காகப் பொருந்தியது: முதல் தட்டு ஒரு பக்கம், இரண்டாம் தட்டு மறுபக்கம். அந்த கேசட்டைத்தான் பல வருடம் கேட்டேன். இரைச்சல் அதிகம், பதிவின் அளவும் கொஞ்சம் குறைவு. ஆல்பத்தின் முதல் சில நொடிகள் அதில் காதுக்கே எட்டாது.

அந்த வருடம் ஏப்ரலில் கேப் டவுனில் பள்ளிப் புறக்கணிப்பு தொடங்கியது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி, மற்றவர்களுக்கு ஒரு கல்வி என்பதை எதிர்த்து முதலில் அங்கிருந்த கலப்பினப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். அது டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்துக்கும் பரவி எங்கள் இந்தியப் பள்ளிகளுக்கும் வந்தது. புறக்கணித்த மாணவர்கள், பிள்ளைகள் கூட்டமாகப் பாடும் அந்த ‘அனதர் பிரிக் இன் த வால்’ இரண்டாம் பகுதியைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். மே மாதத்தில் அரசாங்கம் அதைத் தடை செய்தது. நாங்கள் பள்ளி மைதானத்தில் அதை உரக்கப் பாடியிருக்கிறோம். எங்களில் பாதிப்பேருக்குச் சொல் சரியாகத் தெரியாது, தாளம் எல்லோருக்கும் தெரியும். கால் தானாகப் போடும் தாளம் அது. டிஸ்கோ தாளத்தை அந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின். ஒரே ஒரு சரணமாக இருந்த பாட்டை நீட்டி, இரண்டாவது முறை பிள்ளைகளை விட்டுப் பாடவைத்ததும் அவர் யோசனைதான். லண்டனில் ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலிருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் இசை ஆசிரியர் அலன் ரென்ஷா 23 மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் குரலைப் பலமுறை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்து பெரிய கூட்டமாக்கினார்கள். பள்ளிக்கு ஆயிரம் பவுண்டு கிடைத்தது. பாடிய பிள்ளைகளுக்குப் பணம் தரவில்லை. அவர்களில் சிலர் பெரியவர்களாகி 2004இல் உரிமைத்தொகை கேட்டு முயன்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். அந்தக் குரல்கள் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை, எங்கள் மைதானத்தில் அது ஒலித்திருக்கவும் முடியாது.

தடை வந்த பிறகு கேசட்டின் மேல் எழுதியிருந்ததை அழித்துவிட்டு ‘முருகன் பக்திப் பாடல்கள்’ என்று தமிழில் எழுதிவைத்தேன். தைப்பூசக் காவடி எடுக்கும் வீட்டில் அப்படி ஒரு கேசட் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆயாவுக்கு மட்டும் அந்தப் பாட்டின்மேல் கோபம். அவர் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. “பிள்ளைங்க என்னடா பாடுதுங்க?” என்று கேட்டார். படிப்பு வேண்டாம் என்று பாடுகிறார்கள் என்றேன். “படிப்பு வேணாமா? எனக்குக் கிடைக்கலையேன்னு நான் அழுதிருக்கேன்டா” என்றார். அந்த வயதில் எனக்குப் பதில் வரவில்லை. பின்னாளில் நானே வகுப்பறையில் நின்றபோதுதான் அதை யோசித்தேன். பாட்டில் அந்தப் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்வது அடக்கி வைக்கும் படிப்பை. எங்கள் மாணவர்கள் மைதானத்தில் நின்று கேட்டது எல்லோருக்கும் ஒரே மாதிரியான நல்ல படிப்பை. சொல் எதிரெதிர் மாதிரி இருந்தாலும் கோபம் ஒரே இடத்திலிருந்து வந்தது. ஆயாவின் அழுகையும் அதே இடத்திலிருந்து வந்ததுதான். ஆசிரியராக இருந்த காலம் முழுக்க என் மேசையில் பிரம்பு வைத்ததில்லை. பள்ளியில் அடிப்பதைச் சட்டம் தடுத்தது 1996இல்தான், அதற்கு முன்பும் நான் வைத்ததில்லை. அந்தத் தட்டில் கத்தும் ஸ்காட்லாந்து வாத்தியார் குரலுக்கு அதில் பங்கு உண்டு.

சரி, எல்பிக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது நடுத்தர விலை டர்ன்டேபிளும் இரண்டு பழைய பெரிய ஸ்பீக்கரும். இதைவிடப் பெரிய ஏற்பாடு இந்தத் தட்டுக்குத் தேவையில்லை. முதலில் கவனித்தது அமைதி. தட்டின் அடி இரைச்சல் மிகக் குறைவு, அதனால் ஆல்பத்தின் முதல் நொடிகள் அப்படியே கிடைக்கின்றன. அந்த மெல்லிய மெட்டு வேறொன்றுமில்லை, நாலாம் பக்கத்தின் கடைசிப் பாட்டின் மெட்டு. கடைசியில் பாதியில் அறுந்துபோகும் வாக்கியத்தின் மீதிதான் தொடக்கத்தில் கேட்கும் குரல். கேசட்டில் கேட்டவரை எனக்கு ஆல்பம் பெரிய சத்தத்தோடுதான் தொடங்கியது. இந்தப் பதிப்பில் அது ஒரு வட்டம் என்பது காதுக்கே தெரிகிறது.

அடுத்தது, சத்தங்களின் தூரம். ஹெலிகாப்டர் நகர்வதும், வாத்தியார் குரல் வேறொரு அறையிலிருந்து வருவதும், இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் பறவைகளும், வானத்தில் விமானம் என்று சொல்லும் குழந்தைக் குரலும் தனித்தனி இடத்தில் நிற்கின்றன. ‘யங் லஸ்ட்’ முடிவில் வரும் தொலைபேசி உரையாடலை இப்போதுதான் முழுதாகப் புரிந்து கேட்டேன். கதாநாயகன் அமெரிக்காவிலிருந்து வீட்டுக்குப் பேச முயல்கிறான், அந்தப் பக்கம் ஒரு ஆண் எடுத்து எடுத்து வைத்துவிடுகிறான், இணைப்புக் கொடுக்கும் பெண்ணுக்கே குழப்பம். ஒரு நிமிடம்கூட வராத அந்தப் பகுதியில் ஒரு கல்யாணம் உடைகிறது. டேப்பில் அதெல்லாம் வெறும் முணுமுணுப்பு.

பிள்ளைகள் குரலில் தனித்தனித் தொண்டை கேட்கிறது. ஒரு பையன் கொஞ்சம் முந்திவிடுகிறான், பின்னால் ஒருத்தர் இழுக்கிறார். வகுப்பில் ஒன்றாகப் பாடச் சொன்னால் அப்படித்தான் பாடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்துப்போனது அது.

மூன்றாம் பக்கத்துக்காகவே இதை வாங்கலாம். ‘ஹே யூ’ தொடங்கும் கிட்டார் நரம்புகளும், அதன் அடியில் வழுக்கி இறங்கும் பேஸும் அறைக்குள்ளேயே வாசிப்பது போல வருகின்றன. அந்தப் பேஸையும் வாசித்தவர் கில்மர்தான். அப்புறம் பியானோவும் பின்னணியில் ஓடும் தொலைக்காட்சியுமாக ‘நோபடி ஹோம்’. அது முழுக்கத் தனிமை, வேறெதுவும் இல்லை. பிறகு மைக்கேல் கேமன் அமைத்த வாத்திய இசை மேலெழும்பி ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’ வருகிறது. வாட்டர்ஸ் குரல் கிட்டத்தில் தாழ்ந்து பேச, கில்மர் குரல் உயரத்தில் மிதக்கிறது. இரண்டு மனிதர்கள் இரண்டு இடத்திலிருந்து பாடுவது இந்தப் பதிப்பில் தெளிவாக இருக்கிறது. கடைசி கிட்டார் எங்கள் நாதஸ்வரக்காரர்கள் ஒரு சுரத்தில் நின்று இழைப்பது மாதிரியே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து வளைத்து விடாமல் நிற்கிறது. அப்பா இதைக் கேட்டிருந்தால் காருகுறிச்சி அருணாசலம் பேரை எடுத்திருப்பார் என்று எனக்கு உறுதி.

எல்பியில் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் பக்கத்தின் முடிவில், தன்னைச் சுற்றித் தானே எழுப்பும் சுவர் கட்டி முடிந்து, பாடுகிறவன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். நீங்கள் எழுந்து போய்த் தட்டை மாற்றவேண்டும். மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் ‘ஹே யூ’, சுவருக்கு உள்ளேயிருந்து கூப்பிடும் குரல். அந்த இடைவெளி ஆல்பத்தின் ஒரு பகுதி. கைபேசியில் ஓடவிட்டால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓடிவிடும், பலருக்கு நடுவே விளம்பரமும் வரும். பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பதோ இதற்குச் செய்யும் அநியாயம்.

குறை சொல்லவேண்டுமென்றால் அது பதிப்பில் இல்லை, ஆல்பத்தில் இருக்கிறது. நாலாம் பக்கம் எனக்கு அன்றும் முழுதாக ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை. ‘ரன் லைக் ஹெல்’ கிட்டார் எதிரொலி அபாரம், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் நீதிமன்றக் காட்சி நாடகத்தனமாக நீள்கிறது. அங்கே வாட்டர்ஸ் பல குரலில் நடிக்கிறார், மற்றவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். பதிவு நடந்த காலத்திலேயே கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டைக் குழுவிலிருந்து விலக்கி, மேடை நிகழ்ச்சிகளுக்குச் சம்பளக்காரராக வைத்துக்கொண்டார்கள் என்பதும் எனக்கு வருத்தம். முந்தைய ஆல்பங்களில் அவர் கொடுத்த காற்றோட்டம் இங்கே பல இடத்தில் இல்லை. பெண்களைப் பற்றிய பாட்டுகளில் அந்தக் கதாநாயகன் நடந்துகொள்ளும் விதமும் கேட்கக் கஷ்டமானது. அவன் நோயாளி என்று ஆல்பமே சொல்கிறது, இருந்தாலும் கஷ்டமானதுதான்.

சிடி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், ரெக்கார்ட் பிளேயர் இல்லாவிட்டால், இதற்காக ஒன்று வாங்கவேண்டியதில்லை. 2011இல் கத்ரியே செப்பனிட்ட சிடி நன்றாக இருக்கிறது, சாயங்காலம் ஒரே மூச்சில் கேளுங்கள், போதும். பேத்தி பேரன்களுக்குக் கொடுக்கிறவர்கள் முதல் பக்கத்திலேயே தொடங்குங்கள். பிரபலமான பாட்டை மட்டும் போட்டுக் காட்டாதீர்கள். அதற்கு முந்தைய ஹெலிகாப்டரும் அதற்குப் பிந்தைய ‘மதர்’ பாட்டும் சேர்ந்தால்தான் அது பாட்டு. என் பேத்தி அந்தப் பக்கம் முடிந்ததும் “தாத்தா, இதுக்கு ஏன் தடை?” என்று கேட்டாள். அன்று இரவு சாப்பாடு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். தட்டு முடிந்தும் பேச்சு முடியவில்லை.

வாங்கியதும் தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வளைந்திருந்தால் அன்றைக்கே கடையில் மாற்றுங்கள். இரண்டு கனமான தட்டும் விரியும் அட்டையும் சேர்ந்து எடை அதிகம், அலமாரியில் நிறுத்தித்தான் வையுங்கள், படுக்கவைத்து மேலே எதையும் அடுக்கவேண்டாம். டர்பன் ஈரக்காற்றுக்கு அட்டைகள் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், பிளாஸ்டிக் வெளியுறை போட்டுவிடுவது நல்லது.

புதியது வாங்க முடியாதவர்கள் பழைய பிரதி தேடலாம். 1979 பதிப்பின் உள்ளுறையில் அச்சான பாட்டு வரிகளில் ‘ஹே யூ’ வேறு இடத்தில் இருக்கும், தட்டிலேயே இல்லாத ஒரு பாட்டின் வரிகளும் இருக்கும். கடைசி நேரத்தில் வரிசையை மாற்றியதால் வந்தது அது, போலி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். விலை பேசுவதற்கு முன் கடைக்காரரிடம் மூன்றாம் பக்கத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மெல்லிய இடங்கள் அதில்தான் அதிகம், கீறல் இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.